வெறுங்கால் ஷூவுக்கு மாறலாமா? வடசென்னையில் ஓடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் என்று எந்தப் பக்கம் ஓடினாலும், மெல்லிய சோல் வைத்த ஷூவைப் பார்த்ததும் யாராவது ஒருவர் நிறுத்தி விசாரிக்கிறார். அப்படி வந்த கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை, வருஷக்கணக்காக இந்தத் தெருக்களில் ஓடுகிற ஆள். படித்ததும் பட்டதும் சேர்ந்து எனக்குள் உறுதியாக நிற்கிற எண்ணம் ஒன்றுதான்: இந்த ஷூவில் ஓடுவதற்கு முன்னால் நிறைய நடக்க வேண்டும். கீழே உள்ள பதில்கள் பலவும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும்.

வெறுங்கால் ஷூ என்கிறார்களே, அது எப்படி இருக்கும்?

கையில் எடுத்தாலே தெரிந்துவிடும். முனையைப் பிடித்துச் சுருட்டினால் பாய் மாதிரி சுருளும். உள்ளே கையை விட்டுக் குதிகால் இடத்தில் கட்டைவிரலால் அழுத்தினால் அடியில் இருக்கும் மேசை தட்டுப்படும். முன்பக்கம் கூராகக் குறுகாமல், விரல்கள் விரிந்து நிற்கிற அளவுக்கு அகலமாக இருக்கும்.

வழக்கமான ரன்னிங் ஷூவில் குதிகால் பகுதி முன்பாதத்தைவிட 8 முதல் 12 மில்லிமீட்டர் வரை உயர்ந்திருக்கும். இந்த வித்தியாசத்தைத்தான் 'ட்ராப்' என்கிறார்கள். வெறுங்கால் ஷூவில் ட்ராப் இருக்காது, இருந்தாலும் 4 மில்லிமீட்டருக்குள்தான். 2015-இல் 11 நாடுகளைச் சேர்ந்த 42 நிபுணர்கள் இதற்கென்று ஓர் அளவுகோல் வகுத்தார்கள். எடை, வளையும் தன்மை, சோலின் உயரம், ட்ராப், பாதத்தைச் சாயாமல் பிடித்து நிறுத்தும் அமைப்புகள் ஆகிய ஐந்துக்கும் மதிப்பெண் போட்டு, 0 முதல் 100 வரை ஒரு ஷூ எங்கே நிற்கிறது என்று சொல்லலாம்.

பெட்டியில் 'ஜீரோ ட்ராப்' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்கிவிடாதீர்கள். ஆல்ட்ரா போன்ற பிராண்டுகளின் பெரும்பாலான மாடல்களில் ட்ராப் சுழியம்தான், ஆனால் அடியில் தடிமனான குஷன் கொண்ட மாடல்கள் நிறைய உண்டு. இடைப்பட்ட படியாக அது நல்ல ஷூ. வெறுங்கால் ஷூ என்று அதைச் சொல்ல முடியாது.

போட்டு ஓடினால் காலில் என்னதான் மாறும்?

குஷன் தடிமனாக இருக்கும்போது நம்மில் பெரும்பாலோர் குதிகாலை முதலில் ஊன்றி ஓடுகிறோம். அடி மெத்தென்று இருப்பதால் இடி உறைப்பதில்லை. அதே ஓட்டத்தை வெறுங்காலோடு மொட்டைமாடி சிமெண்ட் தரையில் ஓடிப் பாருங்கள். நாலே எட்டில் (தப்படியில்) குதிகால் சுரீர் என்னும், உடனே உடம்பு தானாகவே எட்டைச் சுருக்கிக்கொண்டு பாதத்தின் முன்பகுதியையோ நடுப்பகுதியையோ முதலில் வைக்கப் பார்க்கும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் லீபர்மன் குழு 2010-இல் 'நேச்சர்' இதழில் எழுதியது இதைத்தான். வெறுங்காலோடு ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் இறங்குகிறார்கள், அப்படி இறங்கும்போது அந்த முதல் இடி மிகவும் குறைகிறது என்று அளந்து காட்டினார்கள். உலகம் முழுக்க இந்த ஷூவின் மேல் மோகம் ஏறியதில் அந்தக் கட்டுரைக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் 2013-இல் வடக்கு கென்யாவின் தாசனச் மக்களிடம் செய்த ஆய்வு வேறு படம் காட்டியது. அவர்கள் வாழ்நாளெல்லாம் வெறுங்காலோடு நடமாடுகிறவர்கள். தங்களுக்கு வசதியான வேகத்தில் ஓடச் சொன்னபோது 72 சதவீதம் குதிகாலில்தான் இறங்கினார்கள். வேகம் கூடியபோதுதான் அது மாறியது. ஆகவே முன்பாதத்தில் இறங்குவதே இயற்கை, மற்றதெல்லாம் தப்பு என்று யாராவது அடித்துச் சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது சுமைக் கணக்கை. மெல்லிய சோலில், சின்ன எட்டில் ஓடும்போது முட்டியின் மேல் விழும் சுமை குறைகிறது. அந்தச் சுமை காணாமல் போவதில்லை. கெண்டைக்கால், அதைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாண், முன்பாதத்தின் நீள எலும்புகள் ஆகியவற்றுக்கு இடம் மாறுகிறது. சாதாரணமாக ஓடும்போதே அந்தத் தசைநாண் உடல் எடையைப் போல ஆறு மடங்கு இழுவையைத் தாங்குகிறது. அதற்கு மேலும் ஏற்றினால் அதற்குப் பழக அவகாசம் வேண்டாமா? தசை சில வாரங்களில் தேறிவிடும். தசைநாணுக்கும் எலும்புக்கும் மாதங்கள் பிடிக்கும். மூச்சு தயாராக இருக்கிறது, தொடை தயாராக இருக்கிறது என்று ஓடிக்கொண்டே போகும்போது பாத எலும்பு மட்டும் பின்தங்கி நிற்கிறது. அடிபடுவது அங்கேதான்.

இதைப் போட்டால் காயமே வராது என்கிறார்களே?

அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. கையுறை மாதிரி ஒவ்வொரு விரலுக்கும் தனி அறை உள்ள ஐந்து விரல் ஷூவை விற்ற விப்ரம் நிறுவனம் பாதத்தை வலுப்படுத்தும், காயத்தைக் குறைக்கும் என்று விளம்பரம் செய்தது. அமெரிக்காவில் அதன் மேல் வழக்குப் போட்டார்கள். 2014-இல் 37.5 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது, தவறை ஒப்புக்கொள்ளவில்லை.

அதற்கு முந்தைய வருஷம் வந்த ஓர் ஆய்வைப் புதிதாக மாறுகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். சாரா ரிட்ஜ் என்ற ஆய்வாளரின் குழு, ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருந்த 36 பேரை எடுத்துக்கொண்டது. ஒரு பிரிவினர் 10 வாரத்தில் ஐந்து விரல் ஷூவுக்கு மாறினார்கள், மற்றவர்கள் பழைய ஷூவிலேயே ஓடினார்கள். முடிவில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால், மாறியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் பாத எலும்பு மஜ்ஜையில் நீர் கோத்திருந்தது. எலும்பு விரிசலுக்கு முந்தைய கட்டம் அது. நினைவிருக்கட்டும், 10 வாரம் என்பது நம்மில் பலர் கொடுக்கும் அவகாசத்தைவிட அதிகம்.

எடையும் கணக்கில் வரும். ஆஸ்திரேலியாவில் 61 ஓட்டக்காரர்களை 26 வாரம் கவனித்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், எடை கூடக்கூட மெல்லிய ஷூவில் காயமும் கூடியது. 85 கிலோவுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் ஒன்றுக்கு இரண்டு தடவை யோசிக்க வேண்டும்.

எத்தியோப்பிய ஓட்டக்காரர் அபெபே பிகிலா வெறுங்காலோடு ஓடித்தானே ஒலிம்பிக் தங்கம் வாங்கினார் என்று கேட்பார்கள். ஆமாம், 1960-இல் ரோமில். 1964-இல் டோக்கியோவில் அதே மாரத்தானை ஷூ போட்டு ஓடி மறுபடியும் தங்கம் வாங்கினார். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அப்புறம் எதற்கு மாற வேண்டும்?

மாறித்தான் ஆக வேண்டும் என்று யாருக்கும் இல்லை. இப்போதைய ஷூவில் வலியில்லாமல் ஓடுகிறீர்கள் என்றால் அதிலேயே ஓடுங்கள். முட்டியின் முன்பக்கம் அடிக்கடி வலிப்பவர்கள், விரல்கள் நெருக்குண்டு கிடப்பவர்கள், பாதத்தில் வலு இல்லை என்று உணர்கிறவர்கள் முயன்று பார்க்கலாம். எனக்குப் பிடித்த காரணம், தரை தெரிவது. கல்லா, தாரா, ஓடு பதித்த நடைபாதையா என்று பாதமே சொல்லும். அந்த உணர்ச்சி கிடைத்தபின் ஓட்டத்தில் கவனம் தானாக வருகிறது.

சின்ன வயசுல செருப்பே இல்லாம ஓடினவங்கதானே நாம? எங்களுக்கு என்ன பழக்கம் வேண்டிக்கிடக்கு?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள். காசிமேட்டுத் தெருக்களிலும் கொருக்குப்பேட்டை ரயில்வே ஓரத்திலும் வெறுங்காலோடு ஓடி வளர்ந்தவர்கள். அண்ணே, அன்றைக்கு உங்கள் எடை முப்பது கிலோ. நாள் முழுக்க ஓடுவீர்கள், நிற்பீர்கள், உட்காருவீர்கள். ஒரே சீராக அரை மணி நேரம் தார் ரோட்டில் ஓடவில்லை. அதற்குப் பிறகு இருபது வருஷம் ஷூவிலும் வண்டியிலும் போய்விட்டது. எலும்பு என்பது இன்றைக்கு அதன் மேல் விழும் சுமைக்குத் தக்கபடி இன்றைக்குக் கட்டிக்கொள்வது. பழைய பலம் சேமிப்பில் இருக்காது.

ஆனாலும் நமக்கு ஒரு சௌகரியம் உண்டு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வெறுங்காலோடு புழங்குகிறோம், கோயிலில் வெறுங்காலோடு சுற்றுகிறோம். வீட்டுக்குள்ளும் ஷூ போடும் ஊர்க்காரர்களைவிட நம் பாதம் ஓரளவு தயாராக இருக்கிறது. நடைக்குத் தயார். ஓட்டத்துக்கு இன்னும் இல்லை.

சரி, எப்படித்தான் தொடங்குவது?

நடையில். அதே சாரா ரிட்ஜ் குழு 2019-இல் இன்னொரு ஆய்வு வெளியிட்டது. மெல்லிய ஷூவில் 8 வாரம் வெறுமனே நடந்தவர்களுக்கே பாதத் தசைகள் பெருத்து வலுத்திருந்தன, தனியாகப் பாதப் பயிற்சி செய்தவர்களுக்கு நிகராக. முதல் ஆய்வில் அடிபட்டது ஓடியவர்களுக்கு, இரண்டாவதில் பலம் வந்தது நடந்தவர்களுக்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வழி தெரிகிறது.

ஷூவை வாங்கியதும் அதில் கடைக்குப் போங்கள், பஸ் ஸ்டாப்புக்குப் போங்கள், மாலையில் அரை மணி நேரம் நடங்கள். இரண்டு மாதம் இப்படிப் போகட்டும். ஓட்டம் பழைய ஷூவிலேயே நடக்கட்டும். கூடவே படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை வைத்து, ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தி மெதுவாக இறக்குங்கள். முட்டியை நீட்டி ஒரு சுற்று, லேசாக மடக்கி ஒரு சுற்று. நிறுத்தாமல் ஒவ்வொரு காலிலும் 20, 25 முறை முடிகிற வரைக்கும் ஓட்டத்தைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

அதன் பிறகு, நடையின் கடைசியில் ஒரு நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் நடை என்று ஐந்து தடவை. ஒருநாள் விட்டு ஒருநாள். மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கும்போது கெண்டைக்கால் இறுகி இருந்தால் அந்த வாரத்தையே திரும்பச் செய்யுங்கள், கூட்டாதீர்கள். சுகமாக இருந்தால் வாரத்துக்குச் சில நிமிஷம் கூட்டலாம். உங்கள் வழக்கமான ஓட்டத்தில் பாதியாவது இந்த ஷூவுக்கு வர ஆறு மாதம் ஆகட்டும். அவசரம் என்ன?

ஓடும்போது நுனிக்காலிலேயே நிற்காதீர்கள். முன்பாதம் பட்டதும் குதிகாலும் இறங்கித் தரையைத் தொட வேண்டும். குதிகாலைத் தூக்கியே வைத்திருப்பவர்களுக்குத்தான் தசைநாண் சீக்கிரம் வீங்குகிறது. எட்டைச் சுருக்கி, எண்ணிக்கையைக் கூட்டுங்கள். 30 விநாடியில் வலது கால் எத்தனை முறை தரை தொடுகிறது என்று எண்ணி நான்கால் பெருக்கினால் நிமிஷக் கணக்கு வரும். 160 வந்தால் 168-இலிருந்து 176-க்குள் கொண்டுபோகப் பாருங்கள், அதாவது ஐந்திலிருந்து பத்து சதவீதம் கூடுதல். நிமிஷத்துக்கு 180 அடி என்று பலர் சொல்லும் எண் எல்லோருக்கும் பொருந்தாது. காதையும் பயன்படுத்துங்கள்: டப் டப் என்று கேட்டால் கால் முன்னால் தள்ளி விழுகிறது.

வடசென்னையில் எங்கே ஓடலாம்? மணலில் ஓடச் சொல்கிறார்களே?

மணலில் ஓடு என்பது மெரினாக்காரர்களுக்குச் சொல்லும் யோசனை. நமக்குக் கடல் உண்டு, அகலமான மணல் இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்டியபின், தெற்கிலிருந்து வந்த மணல் அங்கேயே தேங்கி மெரினா அகலமானது. வடக்கே மணல் வரத்து நின்று ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை கரை அரித்துப்போனது. இன்றைக்கு அங்கே பெரும்பகுதியில் இருப்பது கருங்கல் தடுப்பு. எஞ்சிய சின்னச் சின்ன மணல் திட்டுகளும் சரிவானவை. மணலில் குதிகால் புதைவதால் கெண்டைக்கால் கூடுதல் வேலை செய்கிறது, ஆரம்பத்தில் அது வேண்டவே வேண்டாம்.

பழகுவதற்குச் சுத்தமான, சமமான, கெட்டியான தரைதான் நல்லது. கால் தப்பாக விழுந்தால் உடனே சொல்லிவிடும். பெரம்பூர் மேம்பாலத்தின் கீழே இருக்கும் முரசொலி மாறன் பூங்கா நடைபாதை, ரயில்வே குடியிருப்புகளின் உள்தெருக்கள் இதற்கு ஏற்றவை. ராயபுரத்தில் ராபின்சன் பூங்கா, 1949-இல் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் நடந்த அதே பூங்கா, சின்ன இடம்தான் என்றாலும் நிமிஷக் கணக்கில் ஓடும் ஆரம்ப நாட்களுக்குப் போதும்.

எண்ணூர் விரைவுச் சாலையை விட்டுவிடுங்கள். கன்டெய்னர் லாரிகள் போகும் ஓரத்தில் நட்டு, போல்ட், கிழிந்த டயரிலிருந்து துருத்தும் கம்பி எல்லாம் கிடக்கும். காசிமேடு பக்கம் அதிகாலையில் ஓடுபவர்கள் தரையைப் பார்த்து ஓடணும். ஐஸ் உருகிய தண்ணீர் மீன் செதிலோடு சேர்ந்து வழுக்கும், உடைந்த மரப்பெட்டியின் ஆணி நிமிர்ந்து நிற்கும், நைலான் வலைத் துண்டு கால் விரலில் மாட்டும். மெல்லிய சோல் ஆணியைத் தடுக்காது.

மழைக்காலத்தில்?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் தேங்கும் தண்ணீரில் எந்த ஷூவோடும் ஓடாதீர்கள். பாதத்தில் சின்னக் கீறல் இருந்தாலே எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போய்விடும். துருப்பிடித்தது குத்தினால் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். டி.டி. ஊசி எப்போது போட்டீர்கள் என்று கேட்பார், ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் பெரும்பாலும் மறுபடி போடுவார்.

எனக்குச் சுகர் இருக்கு. போடலாமா?

பாத உணர்ச்சியைச் சோதிக்காமல் கூடாது. இதில் மட்டும் நான் கறாராக இருப்பேன். சர்க்கரை நோயில் பாத நரம்புகள் மெல்ல மரத்துப்போகும், மரத்துப்போனது ஆளுக்கே தெரியாது. குத்திய முள்ளோடு அரை மணி நேரம் ஓடிவிட்டு, சாயங்காலம் சாக்ஸில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். அந்தப் புண் ஆறாமல் விரலையே எடுக்கும் நிலைமைக்குப் போகலாம். இந்த ஷூவின் ஆதாரமே பாதம் தரையை உணர்வது. உணர்ச்சி குறைந்த காலுக்கு அது பாதுகாப்பைக் கழற்றி வைப்பதாகிவிடும்.

நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் பல இடங்களில் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார்கள், சில நிமிஷத்தில் முடியும் சோதனை. நம் ராயபுரத்திலேயே 1954-இல் தொடங்கிய எம்.வி. சர்க்கரை நோய் மருத்துவமனை பாதப் பராமரிப்புக்குப் பேர்போனது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையும் பக்கத்தில்தான். உணர்ச்சி குறைவு என்று சொன்னால் எம்.சி.ஆர். (மெத்தென்ற நுண்துளை ரப்பர்) செருப்போ அவர்கள் சொல்லும் காலணியோ போட்டு நடங்கள். நடையே போதும், சர்க்கரை அதிலும் இறங்கும்.

எந்த வலி பரவாயில்லை, எதற்கு நிறுத்தணும்?

இரண்டு கெண்டைக்காலும் ஒரே மாதிரி, பரவலாக, இரண்டு நாள் வலித்துவிட்டுப் போனால் அது பழகும் வலி. ஒரு காலில் மட்டும், ஒரு விரலால் சுட்டிக்காட்டும்படி ஓர் இடத்தில் வலித்தால் நிறுத்துங்கள். பாதத்தின் மேல்பக்கம் இரண்டாவது, மூன்றாவது விரல்களுக்குப் பின்னால் எலும்பின் மேல் விரல்நுனியால் மெல்ல அழுத்திக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் மட்டும் உயிர் போகிற மாதிரி சுருக்கென்றால், மேலே லேசாக வீங்கியும் இருந்தால், ஹேர்லைன் ஃப்ராக்சராக, அதாவது எலும்பில் மயிரிழை விரிசலாக, இருக்கலாம். முதல் இரண்டு வாரம் எக்ஸ்ரேயில் அது தெரியாமலே போகலாம். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று ஓடத் தொடங்கிவிடாதீர்கள், வலி நீடித்தால் டாக்டரிடம் எம்.ஆர்.ஐ. பற்றிக் கேளுங்கள். குதிகாலுக்கு மேலே தசைநாண் காலையில் விறைத்து, தொட்டால் தடித்திருந்தாலும் பழைய ஷூவுக்குத் திரும்பிவிடுங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு மட்டும் ஓடாதீர்கள்.

மணலியில் ஷிப்ட் வேலை, எட்டு மணி நேரம் சேஃப்டி ஷூவில் நிற்கிறேன். அதற்குப் பிறகு இதைப் போட்டு ஓடலாமா?

ஷிப்ட் முடிந்த உடனே வேண்டாம். கெட்டி ஷூவில் குதிகால் உயர்ந்தே நின்றதால் கெண்டைக்கால் குறுகிப்போய், பாதமும் சோர்ந்திருக்கும். விடுப்பு நாளிலோ, தூங்கி எழுந்த பின்போ வைத்துக்கொள்ளுங்கள். வேலையிடத்தில் சேஃப்டி ஷூவைக் கழற்றாதீர்கள்.

பையன் கிரவுண்டில் செருப்பில்லாமல் ஃபுட்பால் ஆடுகிறான். ஷூ வாங்கித் தரணுமா?

கிரவுண்டில் கண்ணாடி, ஆணி இல்லை என்றால் ஆடட்டும் அக்கா. ராவ், ஜோசப் என்ற இரு மருத்துவர்கள் நம் நாட்டில் 2,300 பிள்ளைகளின் பாதத்தை ஆராய்ந்து 1992-இல் வெளியிட்டார்கள். ஷூ, செருப்பு போட்டு வளர்ந்தவர்களில் தட்டைப்பாதம் 8.6 சதவீதம், போடாதவர்களில் 2.8 சதவீதம். அதிலும் முன்பக்கம் மூடிய ஷூதான் அதிகம் பாதித்தது. பள்ளிக்கு வாங்கும் ஷூ விரலை நெருக்காமல் இருந்தால் போதும்.

எதை வாங்குவது? விலை கட்டுப்படியாகுமா?

மெரல், விவோபேர்ஃபுட், ஜீரோ ஷூஸ் எல்லாம் இறக்குமதி விலையில்தான் கிடைக்கும். முதலில் நடந்து பார்க்கத்தானே போகிறோம், அதற்கு அவ்வளவு செலவழிக்க வேண்டாம். வண்ணாரப்பேட்டை செருப்புக் கடைகளில் பி.டி. பீரியடுக்கு விற்கும் வெள்ளை கேன்வாஸ் ஷூ இருக்கிறதே, அடி மெல்லிய ரப்பர், கிட்டத்தட்ட சமதளம். உள்ளே இருக்கும் அட்டையை உருவிவிட்டால் நடைக்கு நல்ல ஆரம்பம். முன்பக்கம் குறுகல் என்பதுதான் அதன் குறை, ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள். மெக்சிகோவின் தாராஹுமாரா மக்கள் மலைப்பாதையில் டயர் ரப்பரை வெட்டி வார் கட்டி ஓடுகிறார்கள். நம் ஊர் டயர் செருப்பும் அந்த ஜாதிதான், நடக்க அருமை, ஆனால் குதிகாலைப் பிடிக்கும் வார் இல்லாவிட்டால் ஓடக்கூடாது.

வாங்கப் போகும்போது மாலையில் போங்கள், பாதம் அப்போதுதான் முழு அளவில் இருக்கும். ஒரு தாளின் மேல் எழுந்து நின்று பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, அந்தத் தாளை வெட்டி எடுத்துப் போய் ஷூவுக்குள் வைத்துப் பாருங்கள். ஓரம் மடங்கினால் அது உங்கள் ஷூ இல்லை.

பழைய ஷூவைத் தூக்கிப் போட்டுவிடலாமா? எப்போது மாறுவது நல்லது?

பழையது இருக்கட்டும். நீண்ட தூர ஓட்டத்துக்கும் கரடுமுரடான சாலைக்கும் அது, சின்ன ஓட்டத்துக்கு இது என்று இரண்டையும் வைத்துக்கொள்கிறவர்கள் நிறைய, நானும் அப்படித்தான். ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் இப்போது ஷூவை மாற்ற வேண்டாம். பந்தயம் முடிந்து கால் தேறியதும் பிப்ரவரியில் நடையைத் தொடங்குங்கள். ஏப்ரலில் ஒரு நிமிஷ ஓட்டங்களுக்கு வரும்போது வெயில் ஏறியிருக்கும், அதனால் ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். மெல்லிய சோலில் தார் சூடு நேராக உள்ளே ஏறும்.